கழித்த கோப்பைகள்

"உனக்கு எது முதல்ல போகும்னு நினைக்கிற? முடியா, ருசியா?" என்று கேட்டாள் தையல்காரி.

"ரெண்டும் போகட்டும். உயிர் இருந்தா சரி."

"உயிர் இருக்கறது இருக்கட்டும். என் கடைக்கு அளவு குடுக்க வர்றவளுங்க என் தலையத்தானே பாப்பாளுங்க?"

"ஒரு தொப்பி தைச்சுப் போட்டுக்க. மிஷின் உன் கையிலதானே இருக்கு."

"தொப்பி தைக்கறது என்ன லேசுப்பட்ட வேலையா? ஆறு துண்டு, அத்தனையும் வளைவு. அதுக்குப் பேசாம மொட்டையாவே இருந்துட்டுப் போறேன்."

அடுத்தடுத்த நாற்காலிகளில் சாய்ந்து, கையில் மருந்து ஏறும் ஊசியோடு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் பேசிக்கொண்டது இது. இருவருக்கும் புற்று ஒரே இடத்தில், கர்ப்பப்பையின் வாயில். டாக்டர் ஒருவரே. மருந்தும் அதன் அளவும் ஒன்றுதான். ஆறு செவ்வாய்க்கிழமைகள் ஒன்றாக உட்கார்ந்து ஏற்றிக்கொண்டார்கள். முடி இருவருக்குமே கொஞ்சம் மெலிந்ததோடு சரி. ருசி போய்விட்டுத் திரும்பி வந்தது. காதைப் பற்றி இருவரும் பேசவே இல்லை. கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் நர்ஸ் படித்துக் காட்டிய நீளமான பட்டியலில் நடுவில் எங்கோ அதுவும் இருந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பட்டியலையா கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

தையல்காரி தன் மிஷினுக்குத் திரும்பினாள். இவள் தன் மேசைக்குத் திரும்பினாள்.

பீங்கான் தொழிற்சாலையில் இவளுக்குத் தட்டக்கா என்று பெயர். பத்தொன்பது வருஷமாகத் தட்டும் மேசை இவளுடையதுதான். சூளையில் வெந்து ஆறி வந்த கோப்பையை இடது கையின் மூன்று விரல் நுனியில் நிறுத்துவாள். அடிப்பாகம் மட்டும்தான் விரலில் படும். வலது கையில் ஒரு சாண் நீளத்துக்கு வழவழவென்று ஒரு மரக்குச்சி. விளிம்பில் ஒரு தட்டு. நல்ல கோப்பை என்றால் 'ணிங்' என்று எழும்பி, மேலே போய், நூலாக இழைந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடியும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் 'டொக்'. அவ்வளவுதான். பக்கத்தில் லாரி நின்று உறுமினாலும், பெண்கள் கூட்டமாகச் சிரித்தாலும், அந்த நூல் இவளுக்குத் தனியாகக் கேட்கும்.

டொக் என்ற கோப்பையைத் தனியாக எடுத்து வைக்கக்கூடாது. அங்கேயே, அப்போதே, மேசைக்குக் கீழே இருக்கும் இரும்புத் தொட்டியின் விளிம்பில் மோதி உடைத்துவிட வேண்டும். முன்பு ஒரு காலத்தில் கழித்த கோப்பை ஒன்றை யாரோ வீட்டுக்கு எடுத்துப் போய், கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றியதும் அது கையிலேயே பிளந்து, ஒரு குழந்தையின் தொடை வெந்துபோயிற்று. அன்றிலிருந்து இதுதான் சட்டம். தட்டுகிறவள் சொன்னால் சொன்னதுதான். மறுபடி தட்டிப் பார்க்கக் கோப்பை இருக்காது.

ஏழு மாதம் கழித்து இவள் வேலைக்குத் திரும்பிய அன்று கைதட்டினார்கள். சூப்பர்வைசர் ஒரு டப்பா பிஸ்கட் வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தான். இவள் புருஷன் சூளைக்காரர். அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு அவரே வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும், "முழுசாத் திரும்பி வந்துட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி நாட்களில் இவள் வாந்தியைக் கையில் ஏந்தியவர். சூளையின் சூட்டுக்கு அஞ்சாதவர், இவள் நெற்றி லேசாகச் சுட்டாலும் நர்ஸைத் தேடி ஓடுவார். அவர் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டதும் இவளும் நம்பினாள். முழுசாகத்தான் வந்திருக்கிறோம்.

முதல் வாரமே ஏதோ ஒன்று இடறியது. தட்டினால் சத்தம் எழும்புகிறது, ஆனால் மேலே போவதில்லை. நூல் பாதியிலேயே அறுந்துவிடுகிறது. குச்சி பழசாகிவிட்டது என்று வேறு குச்சி செதுக்கி வாங்கினாள். அதுவும் சரியில்லை என்று இன்னொன்று. மண் மாறிவிட்டதோ என்று கலவைக்காரனைக் கேட்டாள். "அதே மண்ணுதான்கா, நான்தான் மாறிட்டேன், அஞ்சு கிலோ ஏறிட்டேன்" என்று அவன் சிரித்தான்.

கடைசியில் ஒருநாள் பேச்சுவாக்கில் புருஷனிடமே சொன்னாள்: "என்னங்க, சூளை கொஞ்சம் சீக்கிரம் ஆறுதோ? நெறைய டொக்கு விழுது."

அந்த ஒரு பேச்சுதான். சூளையின் மேல் சந்தேக விதையை ஊன்றியவள் இவளேதான்.

முன்பு நூற்றுக்கு ஐந்து உடைத்தவள் இப்போது இருபது உடைத்தாள். சூளைக்காரர் பாவம், கதவைத் திறக்கும் நேரத்தை நாலு மணி நேரம் தள்ளிப் போட்டார். பிறகு எட்டு மணி நேரம். காற்று புகும் துவாரங்களை ஒவ்வொன்றாக மண் வைத்துப் பூசினார். மதியச் சாப்பாட்டைக்கூடச் சூளை வாசலிலேயே வைத்துச் சாப்பிட்டார், ஒரு கண் வெப்பமானியில் இருக்க. தொட்டி அப்போதும் சாயங்காலத்துக்குள் நிறைந்துவிடும்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க," என்று ஒருநாள் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொன்னான். "இருபத்தஞ்சு வருஷமா இல்லாத அளவு விரிசல் இப்ப எப்படி வருது? வீட்டுல ஒடம்பு சரியில்லாம இருந்து அலைஞ்சதுல உங்களுக்கும் கவனம் சிதறிடுச்சு போல. மேலேர்ந்து கேக்கறாங்க."

சூளைக்காரர் சூளைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பூசிய துவாரத்தின் மேல் ஈரத் துணியை வைத்து இன்னொரு முறை தடவினார்.

அவருக்கு ஒரு சுபாவம். முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது. பெண் பார்க்க வந்த அன்று காபி டம்ளரையே பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போனவர். கல்யாணமான புதிதில் இவள், 'இந்த மனுஷன் ஊமையோ' என்றுகூட நினைத்ததுண்டு. பிறகுதான் கண்டுபிடித்தாள். ஸ்கூட்டரில் ஏறி, பின்னால் இவள் உட்கார்ந்து, முன்னால் பாதை நீண்டால் போதும், மனிதர் வாயைத் திறப்பார். வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில்தான் அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார், மகளின் படிப்பைப் பற்றி யோசித்தார், இவளுக்கு எந்த நிறச் சேலை நன்றாக இருக்கும் என்று சொன்னார். வீட்டில் வந்து நேருக்கு நேர் நின்று, "அப்ப அந்தப் பச்சையவே எடுத்துக்கவா?" என்று கேட்டால், "எந்தப் பச்சை?" என்று அசடு வழிவார்.

இப்போதும் அவர் பேசிக்கொண்டுதான் வருகிறார். இவளுக்குத்தான் அது கேட்பதில்லை. குரல் கேட்கிறது, பானைக்குள் பேசுவது போல ஒரு கனத்த முனகல். வார்த்தையாகப் பிரிவதில்லை. காற்று வேறு, ஹெல்மெட் வேறு. ஆரம்பத்தில் காற்றின் மேல் பழியைப் போட்டு, "ம்" என்றாள். மறுநாளும் "ம்". ஒரு வருஷமாக, அவர் எங்கே மூச்சு விடுகிறாரோ அங்கே ஒரு "ம்" போட்டுக்கொண்டு வருகிறாள்.

வீட்டில் மகள் வேறு. "அம்மாவுக்கு வேண்டியதுக்கு மட்டும்தான் காது திறக்கும். போன் மணி அடிச்சா கேக்காது, நான் மெதுவா பிரிட்ஜத் திறந்தா மட்டும் கேட்டுடும்" என்று கேலி செய்வாள். மகள் எதிரே நின்று வாயடிக்கிறவள், உதடே பாதி சொல்லிவிடும். அதனால் அவளோடு ஓடிவிட்டது. அவரோடுதான் ஓடவில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் பேசினார். நடுவில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று இவளுக்குப் புரிந்தது. எதற்கு என்று புரியவில்லை. தோளில் கை வைத்தாள். "ம், சரிங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார். ரயில் போனது, கேட் திறந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவர் ஏதோ பாரம் இறங்கினவர் மாதிரி இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டார்.

எதற்குச் 'சரி' என்றோம்? இவள் அன்றிலிருந்து கேட்கத்தான் நினைக்கிறாள். இன்னொரு தடவை சொல்லுங்க என்று மூன்றே வார்த்தை. வாய் வரைக்கும் வந்து நிற்கும். கேட்டால், அன்றைக்குக் கேட்கவில்லை என்று ஆகும். அன்றைக்குக் கேட்கவில்லை என்றால் ஒரு வருஷமாகவே கேட்கவில்லை என்று ஆகும். முழுசாகத் திரும்பி வந்தவள் இல்லை என்று ஆகும். மென்று முழுங்கிவிடுவாள்.

காதில்தான் கோளாறு என்று இவளுக்குத் தோன்றாமல் இல்லை. வயசு என்று நினைத்தாள். தொழிற்சாலை இரைச்சல் என்று நினைத்தாள். மருந்து என்று மட்டும் நினைக்கவில்லை. அதற்குக் காரணம் தையல்காரி. அதே மருந்தை அதே அளவு வாங்கிக்கொண்ட அவள், பேசிக்கொண்டே மிஷின் ஓட்டுவாள், சட்டென்று நிறுத்தி, "ஊசி விழுந்துச்சு" என்று குனிந்து தேடி எடுப்பாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மருந்தின் மேல் எப்படிக் குற்றம் சொல்வது?

போன வாரம்தான் தொட்டியைக் குனிந்து பார்த்தாள். உடைத்ததை யாரும் பார்ப்பதில்லை. குச்சி கைதவறி உள்ளே விழுந்ததால் எடுக்கக் குனிந்தாள். ஒரு சில்லைக் கையில் எடுத்தாள். விரிசல் விட்ட கோப்பையை உடைத்தால், உடைந்த விளிம்பில் பழைய விரிசல் ஒரு கோடாக, மங்கலாகத் தெரியும். இதில் தெரியவில்லை. இன்னொரு சில்லு. அதிலும் இல்லை. பத்து, இருபது என்று புரட்டினாள். எல்லாம் வெள்ளை வெளேரென்று, அன்றைக்கு முளைத்த பல் மாதிரி.

விரலில் ரத்தம் வந்த பிறகுதான் நிறுத்தினாள்.

அன்றிலிருந்து இவள் சட்டத்தை மீறினாள். டொக் என்று கேட்டதில் சிலவற்றை உடைக்காமல் துணியில் சுற்றி, மேசைக்கு அடியில் ஒரு கோணியில் போட்டு வைத்தாள். யாரிடம் காட்டுவது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதற்குள் வியாழக்கிழமை சூப்பர்வைசர் வந்து, திங்கள்கிழமையிலிருந்து சூளைக்கு வேறு ஆள், அண்ணன் மண் கொட்டும் இடத்துக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை இவளுக்கும் தையல்காரிக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் பரிசோதனை. டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, "காது எப்படி இருக்கு? இந்த மருந்து வாங்கினவங்களோட காதை எல்லாம் இப்ப பரிசோதிக்கறோம்" என்றார்.

"எனக்கு பாம்புக் காது டாக்டர்" என்றாள் தையல்காரி. இவளை முதலில் உள்ளே அனுப்பினார்கள்.

கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் கேட்டது, அழுத்தினாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிற பார்வையிலிருந்தே, இப்போது சத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று இவளுக்குத் தெரிந்தது. பொத்தானை அழுத்திவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஒரு வருஷமாக ஸ்கூட்டரில் செய்வது அதைத்தானே. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா தாளைக் காட்டினார். கோடு பாதி வரைக்கும் நேராக வந்து, அப்புறம் படிக்கட்டில் உருண்ட மாதிரி கீழே விழுந்திருந்தது. "கனத்த சத்தமெல்லாம் கேக்குது. கூர்மையான சத்தம் ரெண்டு காதுலயும் போயிருக்கு. மருந்தாலதான்."

"எப்படி டாக்டர்? இவளுக்கும் அதே மருந்துதானே? பக்கத்து நாற்காலி. இவளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"மருந்து ஒண்ணுதான். உடம்பு ரெண்டாச்சே." டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்து, இவளுக்கு நேராக உட்கார்ந்தார். "உள்காதுல மெல்லிசா முடி மாதிரி இருக்கற செல்லுங்கள இந்த மருந்து அழிச்சிடும். போனது திரும்ப முளைக்காது. ஆனா எல்லாருக்கும் அழியறதில்ல. சிலர் உடம்பு தாங்குது, சிலரோடது தாங்கல. பொறக்கும்போதே மரபணுவுல இருக்கற சின்னச் சின்ன வித்தியாசமும் அதுக்கு ஒரு காரணமா இருக்கலாம்னு ஆராய்ச்சி நடக்குது. இன்னும் முழுசாத் தெரியல. அதுக்குத்தான் உங்க ரெண்டு பேர் ரத்தமும் கேக்கறோம். காது போனவங்களோடதும் வேணும், போகாதவங்களோடதும் வேணும்."

"என் ரத்தத்துலயே நல்ல காது இருக்குன்னு எங்க மாமியாருக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க டாக்டர்," என்றாள் தையல்காரி. "ஒட்டுக் கேக்கறேன் ஒட்டுக் கேக்கறேன்னு இருபது வருஷமாத் திட்டறாங்க."

டாக்டரம்மா சிரித்தார். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப நான் எதுவும் தப்பா செஞ்சு இது வரல?"

"நீங்க என்ன செஞ்சீங்க, மருந்து வாங்கினீங்க. மருந்து இல்லாட்டி இன்னிக்கு இங்க உக்காந்து பேசியிருக்க முடியாது. நாங்கதான் காதைப் பத்தி அப்பவே கேட்டிருக்கணும், கேக்கல. இப்ப காதுக்கு மிஷின் வெச்சுக்கலாம், பேச்சுக்கு நல்லா உதவும். அப்புறம், உங்க மகளுக்கு எந்தக் காலத்துலயாவது இந்த மாதிரி மருந்து தேவைப்பட்டா, அம்மாவுக்குக் காது போச்சுன்னு முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. அதுக்காவது வீட்டுல தெரிஞ்சிருக்கணும்."

வெளியே வந்ததும் தையல்காரி நாலு எட்டு முன்னே போனாள். பிறகு இவள் முன்னால் வந்து நின்றாள். "எனக்கு ஒரு மாதிரி இருக்குடி. ஏதோ உன்னோடத நான் எடுத்துக்கிட்ட மாதிரி."

"போடி பைத்தியக்காரி. உன் காதைக் கழட்டி எனக்கு மாட்டவா முடியும்?"

"வீட்டுல சொன்னியா?"

"இல்ல. முழுசா வந்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு."

"முழுசா! எனக்குக் கால் விரல் பத்தும் மரத்துப் போச்சு, மிஷின் பெடல மிதிக்கறேனா தரைய மிதிக்கறேனான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது. வர்ற போற எல்லார்கிட்டயும் சொல்றேன். ஒருத்தி சொல்றா, உனக்காவது விரல், என் புருஷனுக்கு மூளைங்கறா. சொன்னா என்ன கொறைஞ்சுடும்? அவர மூஞ்சியப் பாத்துப் பேசச் சொல்லு."

"மூஞ்சியப் பாத்தா அவருக்குப் பேச்சே வராது."

தையல்காரி உதட்டைப் பிதுக்கினாள். "நல்ல ஜோடி" என்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சூளையைத் திறந்தார்கள். சூளைக்காரர் பொறுப்பில் கடைசிச் சூளை அது. இரும்புக் கதவு விலகியதும் உள்ளேயிருந்து காய்ந்த மண்ணின் வாசனையோடு அனல் வந்தது. தட்டுத் தட்டாக அடுக்கிய வெள்ளைக் கோப்பைகள் மினுங்கின. சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இவள் கோணியை இழுத்துக்கொண்டு வந்து அவன் காலடியில் வைத்து, ஒவ்வொன்றாகத் துணியைப் பிரித்துத் தரையில் நிறுத்தினாள். முப்பத்தெட்டுக் கோப்பைகள்.

"என்னக்கா இது?"

"நான் கழிச்சது. உடைக்காம வெச்சிருந்தேன்."

"உடைக்காமயா? தட்டக்கா, நீங்களா இப்படி..."

"திட்டறத அப்புறம் திட்டு. முதல்ல தட்டிப் பாரு." குச்சியை அவன் கையில் திணித்தாள்.

அவன் தட்டினான். இவள் கோப்பையைப் பார்க்கவில்லை, அவன் புருவத்தைப் பார்த்தாள். முதல் கோப்பைக்கு அது லேசாக ஏறியது. இரண்டாவதற்கு நெரிந்தது. ஐந்தாவதுக்கு மேல் அவன் வேகமாகத் தட்ட ஆரம்பித்தான். பேக்கிங் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். முப்பத்தெட்டில் ஒன்றே ஒன்றை மட்டும் அவன் தனியாக வைத்தான்.

"அக்கா, இதெல்லாம் நல்ல சரக்கு. கணீர்னு இருக்கு. உங்களுக்கு... கேக்கலையா?"

"கேக்கல." சொல்லிவிட்டாள். உலகம் இடிந்து விழவில்லை. ஒரு பேக்கிங் பெண் மட்டும் வாயில் கை வைத்தாள். "வேலைக்குத் திரும்பி வந்ததுலேர்ந்தே கேக்கல. எனக்குக் குடுத்த மருந்து காதை எடுத்துக்கிச்சு. எல்லாருக்கும் எடுக்காதாம், என் உடம்போட வாகு அப்படியாம். சூளையில ஒரு குத்தமும் இல்ல. அவர எங்கயும் மாத்தாதீங்க. மாத்தணும்னா என்னை மாத்துங்க. இந்த மேசைய காது இருக்கறவளுக்குக் குடுங்க."

பத்தொன்பது வருஷம். குரல் உடையாமல் சொல்லி முடித்தாள்.

சூப்பர்வைசர் குச்சியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "நான்தான் அண்ணனை எல்லார் முன்னாலயும் அப்படிப் பேசிட்டேன்" என்றான். பிறகு இவளுக்கு நேராக, வார்த்தை வார்த்தையாக, "மேல போய் நானே சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் எங்கயும் போகல. உங்களுக்கு வேற மேசை பாக்கலாம்" என்றான்.

சூளைக்காரர் அதுவரை அசையவில்லை. இப்போது திரும்பி, சூளையின் வாயைப் பார்த்துக்கொண்டு, இவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் தாடை அசைந்தது. பேசுகிறார். அந்தக் கனத்த முனகல் இவளுக்குக் கேட்டது. சூப்பர்வைசர் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பேக்கிங் பெண்களைக் கையால் விரட்டிக்கொண்டு தானும் வெளியே போனான். அவ்வளவு தூரம் அந்தரங்கமாக ஏதோ சொல்கிறார் என்று மட்டும் இவளுக்குத் தெரிந்தது. அவர் மூச்சு விட நிறுத்தினார்.

பழக்க தோஷம், ஒரு "ம்" இவள் தொண்டையில் ஏறியது. இவள் அதை வெளியே விடவில்லை.

அவரைச் சுற்றிக்கொண்டு போய், அவருக்கும் சூளைக்கும் நடுவில் நின்றாள். முதுகில் அனல் அடித்தது. அவர் கண்கள் வழக்கம்போலத் தரைக்குப் போயின. இவள் அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது.

"என்னங்க, இப்ப சொன்னது எனக்குக் கேக்கல. வண்டியில ஒரு வருஷமா நீங்க சொன்னது எதுவுமே கேக்கல. சும்மாத்தான் ம் போட்டேன். ரயில்வே கேட்டுல அழுதீங்களே, அன்னிக்கும் எதுக்குன்னு தெரியாமத்தான் சரின்னேன். உங்களுக்கு வராதுன்னு தெரியும். கஷ்டப்பட்டாவது, என் மூஞ்சியப் பாத்து, எல்லாத்தையும் எனக்கு இன்னொரு தடவ சொல்லுங்க."